கொல்லைப் பக்கத்துக் கல்லூரி

தம்பி, போனில் சொல்லிவிட்டுப் போகவேண்டிய விஷயத்துக்கு அம்மா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். நீ போனை எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டும் சட்டை மாட்டிக்கொண்டும் பேசுகிறவன். நான் ஒன்று சொன்னால் அது உன் காதுக்குப் போகுமுன் உன் வீட்டுச் சுவரெல்லாம் கேட்டுவிடும். இதை நிவேதா கேட்கும்படி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தனக்காக மாமியார் மகனிடம் சண்டை போடுகிறாளே என்று அந்தப் பெண் கூசிப்போவாள். அதனால்தான் தபாலில் போடுகிறேன். படித்த பிறகு அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது நினைவிருக்கிறதா? "காலையில அவளுக்கு கிளாஸ் இருந்துச்சும்மா. ஆபீஸ் பசங்க திடீர்னு சாப்பிட வர்றேன்னுட்டானுங்க. அவதான் எல்லாம் செஞ்சா, பிரியாணி பிரமாதம்" என்றாய். வகுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஆன்லைன்தானேம்மா, ரெக்கார்டிங் இருக்கும், அப்புறம் பாத்துக்குவா" என்றாய். அதற்கு முந்தின வாரம் வீட்டு ஓனர் வந்தாராம், அதற்கு முந்தின வாரம் வாஷிங் மெஷின் வந்ததாம். நீ பெருமையாகத்தான் சொன்னாய், தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் பின்னாலிருந்து நிவேதா, "பரவால்லத்தை, நான் பாத்துக்குறேன்" என்றாளே, அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். உன் தங்கை அபி ஒரு காலத்தில் இதே வீட்டில், இதே மாதிரிதான் 'பரவால்லம்மா' சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. அதனால்தான் இப்போது காதில் விழுந்தவுடன் திக்கென்றது.

நிவேதாவுக்கு எம்.காம். கடைசிப் பரீட்சை நெருங்குகிறது. பெண் பார்க்கப் போனபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகை, சேலை, தனிக்குடித்தனம் எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. "படிப்ப முடிக்க விடுவீங்களா?" என்று காபித் தட்டைக் கீழே வைத்துக்கொண்டே கேட்டாள். நீ வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான்தான், "எங்க வீட்டுக்கு வந்தா ஒன் படிப்பு நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு" என்று அவள் அம்மா அப்பா முன்னால் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை ஓசூர் வரைக்கும் வந்து காவல் காக்க என்னால் முடியாது. நீதான் காக்க வேண்டும். அவள் இந்தப் பரீட்சையில் தோற்றுப்போனால் அதில் நம் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

அபியின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அவள் பி.காம். சேர்ந்தபோது நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். அவளுக்கு நம் பக்கத்துக் கல்லூரியில் அந்தப் பாடத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆன்லைனில் படிக்கலாம் என்றதும் எனக்கும் உன் அப்பாவுக்கும் ஏக சந்தோஷம். பெண் வீட்டோடு இருக்கும், பஸ்ஸில் தொங்கவேண்டாம், படிப்பும் ஆகிவிடும். அப்படித்தான் கூடத்தில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தோம். அதுதான் அவள் கல்லூரி. பால் வந்தால் அபி. கேஸ் சிலிண்டர் வந்தால் அபி. குக்கர் நான்காவது விசில் அடித்தால் அபி. அப்பா துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து நிலக்கரித் தூசியோடு வந்து, "ஒரு டீ" என்றால் அதற்கும் அபி. அவள் காதில் மாட்டிய வயரைக் கழற்றிவிட்டு எழுந்து போவாள், வந்து மறுபடி மாட்டிக்கொள்வாள். நாங்கள் யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை, தம்பி. கண்ணெதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்றுதான் கூப்பிட்டோம். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை படிக்கிறது என்று நம் வீட்டில் யாருக்குமே தோன்றாது.

ஒருநாள் காரைக்கால்மேட்டு மீன்காரம்மா கொடுத்த நெத்திலிக் கருவாட்டைக் கொல்லையில் காயப்போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு வகுப்பில் வாத்தியார் ஏதோ கேள்வி கேட்டிருக்கிறார், வேறு யாருக்கும் தெரியவில்லை, நம் அபிக்குத் தெரிந்திருக்கிறது. முதல் தடவையாக மைக்கை ஆன் செய்து, "சார்" என்று ஆரம்பித்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து நான் சமையல்கட்டிலிருந்து, "அடியே அபி, கருவாட்டுக்குப் பூனை வந்துருச்சு, தொரத்துடி" என்று கத்தினேன். என் தொண்டை உனக்குத் தெரியும். வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கிறது. வாத்தியார் நல்ல மனுஷர், "மொதல்ல பூனையப் பாத்துட்டு வாம்மா" என்றாராம். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. யாரோ ஒரு பையன் வாட்ஸ்அப் குழுவில் பூனைப் படம் போட்டிருக்கிறான். இதை ஒரு வாரம் தெரு முழுக்க நானே சொல்லிச் சிரித்தேன். அபியும் பக்கத்தில் நின்று சிரித்தமாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் மைக்கைத் தொடவே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கென்று மதிப்பெண் உண்டாம். தெரிந்த பதிலையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

முடிவு வந்தபோது இரண்டு பேப்பரில் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில், "வீட்லயே ஒக்காந்து படிச்சும் பாஸ் பண்ண முடியலியா ஒனக்கு?" என்று கேட்டேன். அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. "நான் எப்பம்மா ஒக்காந்தேன்?" என்றாள். அவ்வளவுதான். நீ பிளஸ் டூ படித்தபோது இந்த வீட்டில் டிவிக்கு உறை போட்டு வைத்திருந்தேன். உன் அறைப்பக்கம் போனால் அப்பாகூடச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். அதே வீடுதான், அதே அம்மாதான்.

கல்லூரிக்கு வழி கண்டுபிடித்தது அபிதான். நம் வீட்டில் ஒரு பழக்கம் உண்டே, அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கும்போது யார் வந்து கேட்டாலும், "டூட்டிக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிடுவோம். உள்ளே குறட்டைச் சத்தம் கேட்கும், வந்தவருக்கும் கேட்கும், ஆனாலும் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். துறைமுகத்து வேலைக்காரர் வீடுகளில் இது எல்லாருக்கும் தெரிந்த பொய், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதைச் சொல்லித்தான் அபி கேட்டாள்: "அப்பா தூங்குனா டூட்டிக்குப் போயிருக்காருன்னு சொல்றியே, நான் படிச்சா மட்டும் ஏன் வீட்ல இருக்கேன்னு சொல்ற? நானும் போனாத்தான் விடுவ போல." மறுநாள் காலையில் குளித்து, நல்ல சுடிதார் போட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, "அம்மா, போயிட்டு வர்றேன்" என்றாள். நானும் எங்கோ போகிறாள் என்று, "பாத்துப் போ" என்றேன். தெருவில் இறங்கினாள், பக்கத்துச் சந்தில் திரும்பினாள், கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே வந்து, பின்படி ஏறி, நெல் மூட்டை அடுக்கியிருக்கும் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பத்து மணிக்குத் தேங்காய் துருவ ஆள் வேண்டும், படிக்குக் கீழே நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். உன் அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "யாரக் கூப்புடுற?" என்றார். "ஒங்க மவளத்தான்" என்றேன். "அவதான் காலேஜ் போயிட்டாளே. நீதானே பாத்துப் போன்னு சொல்லி அனுப்புன" என்றார். துறைமுக எடைமேடையில் லாரி லாரியாக எடை போடுகிற மனுஷர், ஒரு கிலோ இப்படி அப்படி ஆனால் ஒத்துக்கொள்ளமாட்டார். அன்றிலிருந்து இந்த விஷயத்திலும் அப்படித்தான். டீ வேண்டுமென்றால் தானே போட்டுக் குடித்தார். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார், சர்க்கரை போட மறந்து.

பக்கத்து வீட்டு ஜரினா அக்கா இரண்டாம் நாளே பிடித்துவிட்டார். "என்ன புள்ள, அபி காலேஜ் போயிருக்குங்குறீங்க, மாடி ஜன்னல்ல ஒக்காந்து என்னமோ எழுதிக்கிட்டு இருக்கு?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளதைச் சொன்னேன். பிறகு ஒரு வாரம் கழித்துக் கூரியர்காரப் பையன் வாசலில் நின்று அபி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, நான் வெளியே வருவதற்குள் அக்கா, "அது காலேஜ்ல இருக்கு தம்பி, எங்கிட்டக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தால் அபியின் தலை தெரியும். கொஞ்சநாளில் தெருவுக்கே பழகிவிட்டது. நம் வீட்டுப் பொய்யை நாலு வீடு சேர்ந்து சொன்னபோதுதான் அது நிஜக் கல்லூரி ஆனது.

அந்த ஐப்பசியில் ஒருநாள் பேய்மழை. குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை, "நனையாதடி, கூடத்து வழியாவே மேல போ, ஒரு நாளைக்கு என்ன" என்றேன். "வீட்டுக்குள்ள வழி வுட்டா அப்புறம் காலேஜே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, சந்துத் தண்ணீரில் சப்பு சப்பென்று நடந்து சுற்றிக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்த நடை எங்களைத் தடுக்க மட்டும் இல்லை, அவளுக்கே வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெண்ணாக வாசலில் இறங்குகிறவள், மாணவியாகக் கொல்லைக் கதவில் நுழைகிறாள். நடுவில் ஒரு சந்து தூரம் வேண்டும்.

மதியம் அதே வழியில் சுற்றி வந்து, "வந்துட்டேன்" என்று வாசலில் செருப்பைக் கழற்றுவாள். நானும் கல்லூரிக்குப் போய்வந்த பிள்ளைக்குப் போடுவதுபோலச் சோறு போட்டு, "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்பேன். முதலில் ஒப்புக்குத்தான் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கே ருசி தட்டிவிட்டது. தேய்மானம் என்றால் என்ன என்று ஒருநாள் சொன்னாள். "ஒங்க அப்பா பைக் மாதிரியா?" என்றேன். "அதேதாம்மா. கணக்குல அது எப்பவோ செத்துப்போச்சு, ரோட்லதான் ஓடுது" என்றாள். எனக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்பதற்காகவே அவள் பாடத்தைக் கவனமாகக் கேட்க ஆரம்பித்தாள் என்று பிற்பாடு சொன்னாள். எட்டாம் வகுப்போடு நின்ற என்னால் அவளுக்கு ஒரு கணக்கும் சொல்லித்தர முடியாது. ஆனால் கேட்பதற்கு ஒரு ஆளாக இருக்க முடியும். கல்லூரியில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை செய்கிற வேலையை இந்தப் படிப்பில் வீட்டு ஆள்தான் செய்யவேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது நிவேதாவுக்கும் நடக்கும். நெட் போய்விடும், அனுப்பவேண்டியதை நேரத்துக்கு அனுப்ப முடியாது. அப்போது இந்தப் பிள்ளைகள் வாத்தியாருக்கு எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே ஒளிந்துவிடும். ஒருநாள் தவறினால் கூச்சம், இரண்டு நாள் தவறினால் பயம், பிறகு அந்தப் பக்கமே போகத் தோன்றாது. அபியும் ஒரு புயல் வாரத்தில் அப்படித்தான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கிடந்தாள். "அப்பா லீவு போட்டா சூப்பர்வைசருக்கு முன்னாடியே சொல்றாருல்ல, நீயும் சொல்லு" என்றேன். எழுதி எழுதி அழித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அழிக்காத, அனுப்பு" என்றேன். இரண்டு நாள் கூடக் கொடுத்தார் அந்த வாத்தியார், ஊரில் மழை எப்படி என்றும் விசாரித்திருந்தார். நிவேதா எழுதத் தயங்கினால் நீ பக்கத்தில் உட்கார். நீ எழுதிக் கொடுக்காதே, உட்கார்ந்தால் போதும். ரெக்கார்டிங் கதையும் எனக்குச் சொல்லாதே. அது பிரிட்ஜில் வைத்த பழங்குழம்பு. இருக்கிறது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருப்போம், எடுத்துப் பார்க்கும்போது உதவாது.

அபி அந்த இரண்டு பேப்பரையும் எழுதித் தேறினாள், மற்றதையும் முடித்தாள், இன்று நாகூரில் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிறாள். இப்போது நிஜமாகவே பஸ்ஸுக்குப் போகிறாள், ஆனாலும் சில நாள் பழக்கதோஷத்தில் சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவாள்.

உனக்குத் தெரியாத மற்றொரு விஷயம். உன் கல்யாணம் முடிந்து வீடு நிறைய ஜனம் இருந்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நிவேதா சமையல்கட்டுக்கு வந்து, "அத்தை, எனக்கு கிளாஸ் இருக்குங்க. இங்க சிக்னல் எங்க நல்லா வரும்?" என்று கேட்டாள். கையில் மருதாணி, தலையில் வாடாத பூ. அபி அவளை ஒரு வார்த்தை பேசவிடாமல் இழுத்துக்கொண்டு போய், செருப்பைப் போடவைத்து, வாசல் வழியாக இறக்கி, சந்தைச் சுற்றி மாடிக்குக் கூட்டிப்போனாள். புதுப்பெண் எங்கே என்று உன் அத்தைமார் கேட்டார்கள். "மருமவ காலேஜ் போயிருக்கா" என்றேன். கல்யாணமான மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் எந்தக் கல்லூரி என்று ஒரே கேலி. நீ அப்போது உன் நண்பர்களை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தாய். வகுப்பு முடிந்து இறங்கி வந்தவள் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவு தெளிவாக இருந்தது. சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஓசூர்ல அவங்ககிட்ட இத எப்படிச் சொல்றதுங்கத்தை?" என்று மெதுவாகக் கேட்டாள். "அவன் புரிஞ்சுக்குவான்" என்றேன். நீ நல்லவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தம்பி. அபியைக் கூப்பிட்டு வேலை வாங்கிய நாங்களும் நல்லவர்கள்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அம்மா, இது நம்ம ஊரு வீடு இல்ல, நாலாவது மாடி. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரே வாசல். இதுல கொல்லைக் கதவுக்கு எங்க போறது?" என்பாய். நானும் அதைப் பற்றித்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் விளக்கும்போது விடை கிடைத்தது. ஒரே வாசல்தான் இருக்கிறதென்றால் நீ வெளியே போ.

சனி, ஞாயிறு காலையில் அவள் வகுப்பு தொடங்குமுன் நீ குளித்துச் சட்டை போட்டுக்கொள். செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக் கதவை வெளியிலிருந்து சாத்து. ஆபீஸ் பசங்களுக்குக் கீழே டீக்கடையில் டீ வாங்கிக் கொடு, அவர்களும் பிரியாணி இல்லாமல் செத்துவிட மாட்டார்கள். காய் வாங்கு, நடந்துவிட்டு வா, வயிறும் குறையும். யாராவது போன் செய்து நிவேதா எங்கே என்று கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று உனக்கு இப்போது தெரியும். வகுப்பு முடிந்த பிறகு வந்து பெல்லை அடி. உன்னிடம் சாவி இருந்தாலும் பெல்லை அடி. அவள் கதவைத் திறந்ததும் சாப்பாடு என்ன என்று கேட்காதே. இன்றைக்கு என்ன நடந்தது என்று கேள், புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே உனக்குப் போன் செய்வேன். வழக்கம்போல ஸ்பீக்கரிலேயே போடு. உன் குரலுக்குப் பின்னால் எனக்குப் பஸ் ஹாரன் கேட்கவேண்டும்.

அம்மா